ரிதம் பாக்ஸ் இல்லாத மேடை

அத்தியாயம் 9

“அண்ணி! பெட்டியக் காணோம்!”

அம்சவள்ளி போட்ட சத்தத்தில் அடுப்படியிலிருந்து மலர்க்கொடி ஓடி வந்தாள். பீரோவின் கீழ்த்தட்டில் ரிதம் பாக்ஸைச் சுற்றி வைத்திருந்த பழைய வேட்டி மட்டும் கிடந்தது. தர்மன் முதல் பஸ்ஸுக்கே பெரம்பலூர் போய்விட்டான் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ரிதம் பாக்ஸையும் கூட எடுத்துப் போயிருக்கிறான் என்பது இப்போதுதான் தெரிந்தது.

முந்தின நாள் மாலை நடந்த சண்டையில் தர்மனும் மலர்க்கொடியும் வார்த்தையைக் கொட்டியிருந்தார்கள். பெரம்பலூரில் ஒரு பெரிய இடத்துக் கல்யாண வரவேற்பு. அந்த மேடையில் மனைவிக்குப் பதிலாகத் திருச்சியிலிருந்து ஓர் ஆளை இரண்டாவது கீபோர்டில் நிறுத்தப் போவதாகத் தர்மன் சொன்னான்.

“ஆள நிறுத்திக்குங்க. கீபோர்டு என்னுது” என்றாள் மலர்க்கொடி.

அது உண்மை. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அவளுடைய அண்ணன் தங்கைக்குச் சீராக அனுப்பியது அது.

“அதுபாட்டுக்குத் தானா உருளுது. ஒரு பொத்தானை அமுக்கிட்டு நிக்கிறதுக்குப் பேரு வாசிப்பா?” என்று கேட்டான் தர்மன்.

அந்தக் கேள்விதான் அவளைச் சுட்டது.

“நாளைக்கு ரெட்டிபாளையத்துல மே தின விழா இருக்குல்ல? அங்க ஒரு பாட்டுல நான் தாளம் தப்பினாக்கூட கீபோர்டை நானே தூக்கி அந்தத் திருச்சிக்காரர் கையில குடுத்துடறேன். தப்பலேன்னா பெரம்பலூர் மேடையில நான்தான் நிப்பேன். சரியா?”

“சரி” என்றிருந்தான் தர்மன். சொல்லிவிட்டு, விடிவதற்குள் ரிதம் பாக்ஸோடு கிளம்பிவிட்டான்.

பார்ப்பதற்குச் சாப்பாட்டு டப்பா அளவுதான் இருக்கும் அந்த ரிதம் பாக்ஸ். ஆனால் தர்மன் நடத்திய பாட்டுக் குழுவே அதை நம்பித்தான் இருந்தது. இரண்டு கீபோர்டிலும் ஆர்பெஜியோ என்று ஒரு வசதி உண்டு. மூன்று கட்டைகளைச் சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டால் போதும். கீபோர்டே அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, மறுபடி மறுபடி வாசித்துக்கொண்டே இருக்கும். குழுவில் அதற்கு ‘உருட்டு’ என்று பேர். ஒரு கீபோர்டு கீழே உருட்ட, இன்னொன்று மேலே உருட்ட, இரண்டும் பின்னிக்கொண்டு வரும்போது அரியலூர்ச் சனம் வாயைப் பிளந்து கேட்கும்.

ஆனால் இரண்டும் ஒன்றாக நடக்க வேண்டும். அதை ரிதம் பாக்ஸ்தான் பார்த்துக்கொண்டது. அதிலிருந்து கிளம்பும் ஒயர் இரண்டாகப் பிரிந்து இரண்டு கீபோர்டுக்கும் போகும். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு மின் துடிப்பு. ஒவ்வொரு துடிப்புக்கும் இரண்டு உருட்டும் ஒரு சுரம் நகரும். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு கீபோர்டும் தன் போக்கில்தான் ஓடும்.

“ப்ரோக்ராம் இல்லைன்னு கண்ணையன்கிட்ட சொல்லிடச் சொல்லிட்டுப் போனான் தர்மன்” என்று வாசலிலிருந்து குரல் வந்தது. மாமனார் இராமலிங்கம் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார்.

“சொல்லிட்டீங்களா மாமா?”

“இனிமேத்தான். இப்பப் போறேன்.”

“போவாதீங்க.”

இராமலிங்கம் நிமிர்ந்து மருமகளைப் பார்த்தார். ரெட்டிபாளையம் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் காலமெல்லாம் கல் உடைத்தவர் அவர். சங்கத்துச் செயலாளர் கண்ணையன் அவரோடு ஒரே ஷிப்டில் நின்றவர்.

“அம்மா மலரு, நான் ஒண்ணு சொல்றேன் கேளு. அங்க வந்து உக்காரப் போறவனுவ எல்லாம் என்கூட வேல பாத்தவனுவ. அவனுவ முன்னால என் வூட்டுப் பொண்ணுவ தடுமாறி நிக்கிறத என்னால பாக்க முடியாது.”

“தடுமாறினா நான் பதில் சொல்லிக்கிறேன் மாமா. நாங்க போவலேன்னா நீங்கதான் பதில் சொல்லணும். எது தேவலாம்?”

 இராமலிங்கம் போட்ட சட்டையைக் கழற்றவும் இல்லை, செருப்பை மாட்டவும் இல்லை. கயிற்றுக் கட்டிலில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அவருடைய மகள் அம்சவள்ளிதான் குழுவின் பாடகி. தர்மன் ஆர்மோனியத்தில் தடவிக்கொண்டிருந்த காலத்திலிருந்து பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்தே கட்டைகள் அவளுக்குப் பழகியிருந்தன.

“அண்ணனோட கீபோர்டை நான் புடிச்சுக்கறேன் அண்ணி. பாடிக்கிட்டே புடிப்பேன். ஆனா உருட்டுக்கு என்ன பண்றது?”

“மொதல்ல இதை வெச்சே பாப்போம்.”

இரண்டு கீபோர்டிலும் வேகத்துக்கு ஒரு குமிழ் உண்டு. இரண்டையும் ஒரே கோட்டில் திருப்பி வைத்தார்கள். பல்லவி சரியாகத்தான் வந்தது. அனுபல்லவியில் ஒன்று லேசாக முந்தியது. சரணத்தில் இரண்டும் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டன. மலர்க்கொடி குமிழை மயிரிழை குறைத்தாள். இப்போது அது பின்தங்கியது. கூட்டினாள். மறுபடி முந்தியது.

“நொண்டிக் காளையையும் நல்ல காளையையும் ஒரே நுகத்தடியில பூட்டின மாதிரி இருக்கு” என்று அம்சவள்ளி தரையில் உட்கார்ந்துவிட்டாள். “உருட்டே வேண்டாம் அண்ணி. சும்மா கட்டையைப் புடிச்சு வாசிச்சுட்டு வந்துடுவோம்.”

“உருட்டு இல்லாம வாசிச்சா, ‘பாத்தியா, முடியலேன்னுதான விட்டுட்டே’ம்பாரு உங்க அண்ணன். அதைக் கேக்கறதுக்கு நான் போகாமலே இருந்துடுவேன்.”

சொல்லிக்கொண்டே இரண்டு வேகக் குமிழையும் அணைத்துவிட்டு, தரையில் கிடந்த பிரிவு ஒயரை ஓரமாக வைக்கலாம் என்று எடுத்தாள் மலர்க்கொடி. கீபோர்டு இரண்டிலும் செருகிய முனைகளும், கையை எடுத்தாலும் கட்டைகளைப் பிடித்தே வைத்திருக்கும் பொத்தான்களும் போட்டது போட்டபடி இருந்தன. ரிதம் பாக்ஸில் செருக வேண்டிய முனை மட்டும் அவள் கையில் இருந்தது. விரல் அதன் நுனியில் பட்டது.

டிங், டிங் டிங், டிங்.

இரண்டு கீபோர்டும் ஒரே சமயத்தில் நகர்ந்தன.

அவள் கையை எடுத்தாள். இரண்டும் நின்றன. மறுபடி தொட்டாள். கன்னாபின்னா என்று ஓடின. ஆனால் இரண்டும் சேர்ந்தே ஓடின.

“அம்சா, இதுக்குப் பெட்டி வேணும்னு இல்லடி. ஒரு துடிப்பு வேணும். யார் குடுத்தா என்ன?”

“கை பட்டா பேய் புடிச்ச மாதிரி ஓடுதே!”

“ஒழுங்கா ஒரு தட்டு, ஒரு தட்டா குடுக்கணும். ஸ்விட்ச் மாதிரி.” அவள் கண்கள் சுவரைத் தேடின. “காலிங் பெல்லுக்குப் போடுவாங்களே, அமுக்கினா ஒட்டிக்கிட்டு விட்டா விலகிக்கும், அந்த ஸ்விட்ச். ஓடு, கடைவீதியில வாங்கிட்டு வா. டார்ச் லைட்டுக்குப் போடற செல்லும் சேத்து வாங்கு.”

எலக்ட்ரிக்கல் கடைக்காரர் ஸ்விட்சை எடுத்துக் கொடுத்துக்கொண்டே, “எந்த வூட்டு வாசலுக்கும்மா?” என்று கேட்டாராம். “மேடைக்குங்க” என்று சொல்லிவிட்டு வந்தாள் அம்சவள்ளி.

செல்களை அடுக்கி, ஒயரை முறுக்கி, காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியால் சுற்றிக் கட்டினார்கள். மலர்க்கொடி ஸ்விட்சை அமுக்கினாள். இரண்டு கீபோர்டும் ஒரு சுரம் நகர்ந்தன. மறுபடி அமுக்கினாள். மறுபடி ஒரு சுரம்.

அம்சவள்ளி கையைத் தட்டிக் குதித்தாள்.

குதித்தது கொஞ்சம் சீக்கிரம்தான். அவள் அமுக்கியபோது அது ஒரு தட்டுக்கு இரண்டு சுரம் தாவியது. ஏன் என்று புரியாமல் திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்தார்கள். மலர்க்கொடிக்குத்தான் பிடிபட்டது. பயந்து பயந்து அமுக்கினால் ஸ்விட்சுக்குள் இருக்கும் தகடு ஒட்டலாமா வேண்டாமா என்று நடுங்குகிறது. ஒரே அழுத்தாக அமுக்கினால் ஒன்றுதான் நகர்கிறது.

“தயங்காத. அமுக்கினா அமுக்கினதுதான்.”

மத்தியானம் முழுக்க அந்த ஒன்றே வேலையாக இருந்தார்கள். தபேலாக்காரர் அரங்கநாதன் வந்து சேர்ந்தார். குழுவில் மற்ற ஆண்களைத் தர்மன் பெரம்பலூருக்கு ஒத்திகைக்குக் கூட்டிப் போயிருந்தான். “தபேலா வேண்டாம்னு பெரம்பலூர்ல சொல்லிட்டாங்களாம்மா. நானும் உங்க கட்சிதான்” என்று சிரித்தபடியே உட்கார்ந்தார் அவர்.

இடது கையில் கட்டை, வலது கையில் ஸ்விட்ச், வாயில் பாட்டு. அம்சவள்ளிக்கு வியர்த்துக் கொட்டியது. கடிகாரம் மாதிரி அமுக்கினால் பாட்டு செத்துப்போயிற்று. பாட்டில் உயிர் வந்தால் அமுக்க மறந்துபோயிற்று.

“பெட்டி மாதிரி ஏன் அமுக்கறே? நீ பாடற மாதிரி அமுக்கு” என்றாள் மலர்க்கொடி. “நீ மூச்சு இழுக்கறப்போ அதுவும் நிக்கட்டும். உன் பின்னாலதான் அது வரணும்.”

அதற்குப் பிறகு வந்தது.

விழாவுக்கு ஏற்றிப்போகச் சங்கத்து டிராக்டர் வாசலில் வந்து நின்றபோது இராமலிங்கம்தான் முதலில் எழுந்தார். ஒன்றும் பேசாமல் பெரிய கீபோர்டின் ஒரு முனையைப் பிடித்தார்.

ரெட்டிபாளையத்தில் வெயில் இறங்கியிருந்தது. வேப்பமரத்து இலைகளில் வழக்கம்போல் சிமெண்டுத் தூசி. சிவப்புத் தோரணம் கட்டிய மேடைக்கு முன்னால் ஷிப்டு முடிந்து குளித்து வந்த ஆட்களும், குழந்தைகளோடு பெண்களும் மண்ணில் உட்கார்ந்திருந்தார்கள்.

கண்ணையன் டிராக்டரைச் சுற்றி வந்து தேடினார். “தர்மன் எங்கம்மா?”

“பெரம்பலூர்ல இருக்காருங்க. நாங்க வந்திருக்கோம்.”

“ரெண்டு பொம்பளைவ மட்டுமா?”

“தபேலாவும் இருக்குங்க” என்றாள் மலர்க்கொடி. “மைக்கை எங்க வெக்கட்டும்?”

கண்ணையன் இராமலிங்கத்தைப் பார்த்தார். “வெக்கச் சொல்லுப்பா” என்றார் இராமலிங்கம்.

முதல் பாட்டுக்குக் கூட்டம் பேசிக்கொண்டேதான் இருந்தது. “தர்மன் வரலியாம்டா” என்று முன்வரிசையில் ஒருவன் சொன்னது மேடை வரைக்கும் கேட்டது. அம்சவள்ளி ஸ்விட்சிலிருந்து கண்ணைத் தூக்கிக் கூட்டத்தைப் பார்த்தாள். மலர்க்கொடி தன் கட்டைகளிலிருந்து கண்ணை எடுக்காமல், “தயங்காத” என்று முணுமுணுத்தாள். பாட்டு தப்பாமல் முடிந்தது. கைத்தட்டு சுமாராக விழுந்தது.

மூன்றாவது பாட்டில்தான் அது நடந்தது. தாலாட்டு மாதிரி மெதுவான பாட்டு. சரணத்தின் கடைசி வரியை அம்சவள்ளி இழுத்தாள். வழக்கமாக ரிதம் பாக்ஸ் அவளை இழுக்க விடாது. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும், அவள்தான் மூச்சைச் சுருக்கிக்கொண்டு ஓடிப் பிடிக்க வேண்டும். இன்று அவள் விரல் தூக்கி நின்றது. இரண்டு கீபோர்டும் அப்படியே அந்தரத்தில் நின்றன. அவள் குரல் மட்டும் தனியாகப் போய், வளைந்து, இறங்கி வந்தது. இறங்கிய இடத்தில் விரல் விழுந்தது. இரண்டு உருட்டும் சேர்ந்து அவள் காலடியில் வந்து விழுந்த மாதிரி இருந்தது.

மண்ணில் உட்கார்ந்திருந்தவர்களின் பேச்சு நின்றுபோயிற்று. பிள்ளையை மடியில் போட்டிருந்த ஒரு பெண், “ஐயோ” என்று தன்னை மறந்து சொன்னாள்.

கைத்தட்டு அடங்குமுன்னே மேடையின் பக்கவாட்டில் யாரோ படியேறும் சத்தம். மலர்க்கொடி திரும்பினாள். தோளில் பையோடு தர்மன் நின்றான். பெரம்பலூர் பஸ்ஸின் புழுதி அவன் தலையில் இருந்தது; வீடு பூட்டிக் கிடந்ததைப் பார்த்து நேரே இங்கே வந்திருந்தான்.

அவன் பையிலிருந்து ரிதம் பாக்ஸை எடுத்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினான்.

“போதும் மலரு. அடுத்ததுல மானம் போறதுக்குள்ள இதைச் செருகு. நீ கீழ இறங்கிக்க. நான் பாத்துக்கறேன்.”

“பெட்டியக் கொண்டாந்தது சந்தோசங்க” என்றாள் மலர்க்கொடி. “அப்படி ஓரமா வெச்சுட்டு நீங்க கீழ உக்காருங்க.”

“வெளையாடாத. மெதுப்பாட்டா எடுத்துப் பாடி ஒப்பேத்திட்டீங்க. குத்துப் பாட்டு கேப்பான் இப்ப. அந்த வேகத்துக்குக் கையால முடியுமா?”

அவன் சொல்லி வாய் மூடவில்லை, கூட்டத்திலிருந்து சீட்டி பறந்தது. அந்த வருஷம் எல்லா டீக்கடை ரேடியோவிலும் அலறிக்கொண்டிருந்த திருவிழாப் பாட்டின் பேரைச் சொல்லி நாலாபக்கமும் கத்தினார்கள்.

தர்மன் ரிதம் பாக்ஸை நீட்டினான். “இந்தா.”

“நேத்து நீங்க என்ன கேட்டீங்க?” மலர்க்கொடியின் குரல் உயரவில்லை. ஆனால் பக்கத்திலிருந்த மைக் அதைப் பிடித்துக் கூட்டத்துக்குக் கொடுத்துவிட்டது. “பொத்தானை அமுக்கறது ஒரு வாசிப்பான்னு கேட்டீங்க. அதுதான் வாசிப்புன்னு இப்பக் காட்டறோம். தள்ளிக்குங்க.”

கூட்டம் “ஓ” என்றது. தர்மன் இரண்டு எட்டு பின்வாங்கினான்.

அரங்கநாதன் தபேலாவில் எடுத்துக் கொடுத்தார். அம்சவள்ளியின் விரல் ஸ்விட்சில் இறங்கியது. தடதடவென்று இரண்டு உருட்டும் கிளம்பின. பல்லவியிலேயே இளவட்டங்கள் எழுந்து ஆடத் தொடங்கிவிட்டார்கள்.

தர்மன் மேடை ஓரத்தில் நின்று கட்டைவிரலால் தொடையில் தாளம் போட்டான். எங்கே தப்பும் என்று காத்திருக்கிறவன் போடுகிற தாளம் அது. முதல் சரணம் போயிற்று. தப்பவில்லை.

இரண்டாவது சரணத்துக்கு முன்னால் அம்சவள்ளியின் முகம் சுருங்கியது. மத்தியானத்திலிருந்து அமுக்கிய கை. முழங்கை வரைக்கும் மரத்துப்போய் விரல் விறைத்துவிட்டது. அவள் பாடிக்கொண்டே அண்ணியைப் பார்த்தாள்.

மலர்க்கொடி இடது கைக் கட்டைகளை விடாமல் ஓர் அடி நகர்ந்தாள். வலது கையை நீட்டி நாத்தனாரின் விரலுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒரு தட்டு அம்சவள்ளி. அடுத்த தட்டு மலர்க்கொடி. நடுவில் ஓர் இழைகூட இடைவெளி விழவில்லை. அம்சவள்ளி கையை உதறினாள், அதையே ஆட்டம் மாதிரித் தலைக்கு மேல் தூக்கிச் சுழற்றினாள். கூட்டம் அதற்கும் ஒரு சீட்டி அடித்தது.

கடைசிப் பல்லவியில் மலர்க்கொடி வேகத்தைக் கூட்டினாள். அரங்கநாதன் நிமிர்ந்து பார்த்துச் சிரித்துக்கொண்டே கூட ஓடினார். இன்னும் கூட்டினாள். ஆடுகிறவர்களின் கால்கள் புழுதியைக் கிளப்பின. ஒரே தட்டில் கொண்டுவந்து நிறுத்தினாள்.

சத்தம் அடங்க நேரமாயிற்று. கண்ணையன் மேடைக்கு ஓடி வந்து, இரண்டு பெண்களின் பேரையும் மைக்கில் சொன்னார். அம்சவள்ளி என்பதை அவசரத்தில் அம்சவேணி ஆக்கினார். யாரும் திருத்தவில்லை.

கீழே இராமலிங்கத்தைச் சுற்றிப் பழைய கூட்டாளிகள். “யாருப்பா அந்த ரெண்டாவது பொண்ணு?” என்று ஒருவர் கேட்டார்.

“என் மருமவ” என்றார் இராமலிங்கம். கேட்காதவர்களுக்கும் கேட்கிற மாதிரி இன்னொரு தடவை சொன்னார்.

விழா முடிந்து ஒயர்களைக் கழற்றும்போது தர்மன் மேடையில் ஏறினான். ரிதம் பாக்ஸ் இன்னும் கையில்தான் இருந்தது.

“தப்பல” என்றான்.

மலர்க்கொடி நிமிர்ந்தாள். அவன் அதைப் பொய்யாகச் சொல்லவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

“அந்த மூணாவது பாட்டுல நிறுத்தினீங்களே, நான் கீழேருந்து கேட்டேன். அது இந்தப் பெட்டியால ஆவாது.”

“அப்போ பெரம்பலூர்ல...” என்று ஆரம்பித்தாள் அம்சவள்ளி.

தர்மன் தங்கையைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தான்.

“பெரம்பலூர்ல நான் பேசி முடிச்சுட்டேன். பொம்பள பாடட்டும், மிஷின்கிட்ட ஆம்பள நிக்கட்டும்னு மாப்பிள்ள வூட்டுல கண்டிசனா சொல்லிட்டாங்க. ஊர்ல பெரிய இடம். அந்த ஒரு மேடை கெடைச்சா குழு எங்கியோ போயிடும் மலரு. காலையில வேன் வருது. உன் கீபோர்டை ஏத்தி அனுப்பறேன்னு வாக்கு குடுத்துட்டேன்.”

“எப்பக் குடுத்தே?” என்றாள் அம்சவள்ளி.

“முந்தா நாளு.”

“அப்போ நேத்து அண்ணிகிட்ட பந்தயத்துக்குச் சரின்னியே, அப்பவே...”

தர்மன் ரிதம் பாக்ஸைப் பைக்குள் திணித்தான். அரங்கநாதன் தபேலாவை உறையில் போடுவதாகக் குனிந்துகொண்டார். மேடைக்குக் கீழே வந்து நின்ற இராமலிங்கம் மகனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மலர்க்கொடி அழவில்லை. கீபோர்டின் மேல் படிந்த சிமெண்டுத் தூசியை முந்தானையால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் நிதானமாகத் துடைத்தாள்.

“வேன் வரட்டும்ங்க” என்றாள். “நீங்க குடுத்த வாக்கை நான் கெடுக்க மாட்டேன். கீபோர்டு ஏறும்.”

தர்மன் நம்ப முடியாமல் தலை நிமிர்ந்தான்.

“கூடவே நானும் ஏறுவேன். பெரம்பலூர்ல அந்தப் பெரிய மனுசங்க மொதல்ல என்னை இறக்கட்டும். இறக்க முடிஞ்சா, அப்புறம் கீபோர்டை இறக்கிக்கட்டும்.”

“மலரு!”

“எனக்கும் ஒரு எடம் வுடுங்க அண்ணி” என்றாள் அம்சவள்ளி.

தர்மன் அப்பாவின் பக்கம் திரும்பினான். “நீங்களாவது சொல்லுங்கப்பா.”

இராமலிங்கம் தோளிலிருந்த துண்டை எடுத்து ஓங்கி ஓர் உதறு உதறினார். சிமெண்டுத் தூசி பறந்தது.

“முன் சீட்டு எனக்கு” என்றார்.